சிந்து பைரவி: பைரவி தரப்பில் ஒரு பிராது

குத்தாலத்துக்காரி
19 ஜனவரி 2025, இரவு 9:12

நேத்தோட திருவையாத்துல தியாகராஜர் ஆராதனை முடிஞ்சாச்சு. இன்னும் நாலு நாளைக்கு டெல்டா பூரா சங்கீதம்தான் பேச்சு. அந்தச் சூடு ஆறறதுக்குள்ள ஒரு பிராது வைக்கிறேன்.

பாலசந்தரோட 'சிந்து பைரவி' (1985) புருஷன் பண்ற துரோகத்தைப் பத்தி நேர்மையா பேசின படம்னு பேர் வாங்கிருச்சு. எனக்கு அது தட்டுக்கு அடியில புளி ஒட்டின தராசு. ஜேகேபி பெரிய பாடகர். மனைவி பைரவிக்குப் பாட்டும் புரியாது, குழந்தையும் கிடையாது. சிந்து பாட்டு டீச்சர், கேள்வி கேக்கிறவ, அவர் பாட்டை அவரை விட நல்லா கேக்கிறவ. மூணு கோடுல தீர்ப்பு எழுதியாச்சு. கட்டினவளுக்கு ஞானம் இல்லேன்னா புருஷன் வெளியில தேடிக்கலாம்னுதான் படம் சொல்லுது. இல்லேன்னு யாராவது காட்டுங்க.

நடுப்படித்துறை
19 ஜனவரி 2025, இரவு 10:05

புளி ஒட்டியிருக்கறது நிஜம்தான் அக்கா. எந்தத் தட்டுலங்கறதுலதான் எனக்குச் சந்தேகம்.

தலைப்பைப் பாருங்க. பைரவி ராகம் கச்சேரியோட நடுவுல சம்மணம் போட்டு உட்கார்ற ராகம். இருபதாவது மேளத்து (தாய் ராகத்து) ஜன்யம், அதாவது அதுலேருந்து பிறந்த ராகம்னாலும் ரெண்டு தைவதமும் ('த' ஸ்வரம்) வரும்: ஏறும்போது சதுஸ்ருதி (உயரமானது), இறங்கும்போது சுத்தம் (தாழ்ந்தது). ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் (மிருதங்கக்காரர் தனியா வாசிக்கிறது)னு ஒரு மணி நேரம் போட்டாலும் தாங்கும். சிந்து பைரவிங்கறது வேற ராகம், வடக்க இருந்து வந்தது. தனி முடிஞ்சு, மங்களத்துக்கு முன்னால, துக்கடாவுல, அதாவது கடைசியில வர்ற சின்னப் பாட்டுகள்ல, அஞ்சு நிமிஷம் ஏழு நிமிஷம் வந்துட்டுப் போகும். வெறும் சிந்துன்னு எடுத்தா அது தமிழ்ப் பாட்டு வடிவம்: காவடிச்சிந்து, நொண்டிச்சிந்து.

அதாவது கட்டினவளுக்கு மெயின் ராகத்தோட பேரு. வந்தவளுக்குத் தமிழ்ப் பாட்டோட பேரு. ரெண்டையும் சேர்த்துச் சொன்னா துக்கடா. இதைத் தெரியாம வச்ச பேருன்னு நான் நம்பலை. வசனம் பைரவியை ஞானசூன்யம்னுது. பேரு அவளைத்தான் கச்சேரியோட நடுப்பாகம்னுது.

குத்தாலத்துக்காரி
19 ஜனவரி 2025, இரவு 10:20

தினமும் கடன் வாங்குற கடைக்கும் லட்சுமி ஸ்டோர்ஸ்னுதான் போர்டு இருக்கு.

ரவைப்பசை
20 ஜனவரி 2025, காலை 6:50

அக்கா பிராதுல ஒரு ஆதாரம் விட்டுப்போச்சு. ஜேகேபியோட தப்புக்குப் படம் தர்ற ஒரே சமாதானம் "அவர் மகா கலைஞர்". அப்போ அவரைக் கலைஞரா நம்ப வைக்கிறதுலதான் படமே நிக்குது. சங்கீதப் படம் எதுவா இருந்தாலும் நாலு இடத்துல தட்டிப் பார்க்கலாம்.

தாளம். ஆதி தாளம் எட்டு அட்சரம்: ஒரு தட்டு, மூணு விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. விரல் சுண்டு விரல்லேருந்து ஆரம்பிக்கும். நடிகர் ஆள்காட்டி விரல்லேருந்து எண்ணினா அங்கேயே மாட்டிக்கிட்டார். அதை விட மோசம், பாட்டோட உணர்ச்சி ஏற ஏறத் தொடையில தட்டுற வேகமும் ஏறும். தாளம் அப்படி ஓடாது.

தம்புரா. நாலு கம்பி. முதல் கம்பி பஞ்சமம், அதை நடுவிரல். சாரணை, அனுசாரணை, மந்தரம் மூணையும் ஆள்காட்டி விரல். பாட்டு வேகமா போனாலும் மெதுவா போனாலும் தம்புரா தன் போக்குல ஒரே நிதானமா போகும். சினிமாவுல பின்னால உட்கார்ந்திருக்கறவர் பாட்டுத் தாளத்துக்குக் கம்பியை மீட்டுவார்; பாட்டு நின்னா இவரும் நிறுத்துவார். அது தம்புரா இல்லை, தொழிற்சாலை சங்கு.

மிருதங்கம். தொப்பியில, அதாவது இடது பக்கம், ஈரம் தொட்டு ரவைப் பசை அப்பணும், சின்ன எலுமிச்சம்பழம் அளவு. அது இல்லேன்னா கும்கிங்கற அந்த ஆழ்ந்த நாதம் வராது. கச்சேரி முடிஞ்சதும் சுரண்டிடுவாங்க, அதனால செட்டுல கொண்டு வந்து வைக்கிற மிருதங்கம் பெரும்பாலும் மொட்டையா இருக்கும். கேட்கிறது ஸ்டுடியோவுல வாசிச்ச தொப்பி, பார்க்கிறது காய்ஞ்ச தோல்.

நாலாவது சுருதி சேர்க்கிறது. மிருதங்கத்தோட வலந்தலை (வலது பக்கம்) மூட்டுல, அதாவது விளிம்புல, மேலேருந்து கல்லும் மரத்துண்டும் வச்சுத் தட்டினா ஏறும், கீழேருந்து தட்டினா இறங்கும். மார்கழிப் பனியில தோல் தளர்ந்து நடுக் கச்சேரியில ரெண்டு தரமாவது தட்ட வேண்டியிருக்கும். படத்துல வர்ற வித்வான்களுக்கு மட்டும் பனியே பெய்யாது.

நடுப்படித்துறை
20 ஜனவரி 2025, காலை 8:15

ஓய், பேருக்கேத்த ஆள்தான். ஆனா இது எல்லா சங்கீதப் படத்துக்கும் போடற வழக்கு. இந்தப் படத்து மேல தனியா குற்றப்பத்திரிகை இருக்கா?

ரவைப்பசை
20 ஜனவரி 2025, காலை 8:40

பட்டியலைத்தான் கொடுத்தேன், குற்றம்னு சொல்லலை. கையில வச்சுக்கிட்டு அவங்கவங்க பார்த்துக்கட்டும்.

மூவியோலா
20 ஜனவரி 2025, மதியம் 1:30

அஞ்சாவது இடம் ஒண்ணு இருக்கு, உதடு.

பாட்டு முதல்ல ஸ்டுடியோவுல பதிவாகிடும். அப்புறம் செட்டுல நாகரா டேப் மெஷின்ல ஓட விடுவாங்க, நடிகர் வாயசைப்பார். படம் விநாடிக்கு 24 பிரேம். ரெண்டு பிரேம் தள்ளினா உறுத்தல், நாலு தள்ளினா கடைசி வரிசைக்கும் தெரியும். சாதாரணப் பாட்டுல சொல்லை மனப்பாடம் பண்ணிட்டா தப்பிச்சிடலாம். ஸ்வரத்துல தப்பிக்க முடியாது, ஏன்னா ஏழு எழுத்துல ம, ப ரெண்டும் உதட்டை மூடினாத்தான் வரும். காதுல "ம ப த நி" கேக்குது, திரையில வாய் திறந்தபடியே இருக்குன்னா கதை கந்தல். ஆகாரத்துல, அதாவது 'ஆ'ன்னு மட்டும் பாடும்போது உதடு பிரச்சினை இல்லை, கழுத்து நரம்பு காட்டிக் கொடுக்கும். பிருகா (வேக ஸ்வரக் கோர்வை) ஓடுது, தொண்டை சும்மா இருக்கு.

எடிட்டர் செய்யறது: ஸ்வரம் நெருக்கமா வர்ற இடத்துல சபையில தலையாட்டுறவங்களுக்கு வெட்டிடறது, இல்லேன்னா பாடகரோட முதுகுப் பக்கம். இந்தப் படத்துல அந்த வெட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்குன்னு எனக்குத் தோணுது. பாட்டு யார் முகத்துல போய் விழுதோ அவதான் கதைப்படி கேட்கத் தெரிஞ்சவ. ஜேகேபி பாட்டு சிந்து முகத்துல எத்தனை தரம் விழுது, பைரவி முகத்துல எத்தனை தரம் விழுதுன்னு எண்ணினா, அக்கா சொன்ன புளி எவ்வளவுன்னு கிராம் கணக்குல சொல்லலாம்.

குத்தாலத்துக்காரி
20 ஜனவரி 2025, மாலை 5:02

இது. இதைத்தான் சொல்ல வராம தவிச்சேன். பைரவிக்குக் காது இல்லேங்கறது கதை இல்லை, வெட்டு.

சும்மா வந்தவன்
20 ஜனவரி 2025, இரவு 8:11

சிந்து 'பாடறியேன் படிப்பறியேன்'னு நாட்டுப்பாட்டுல தொடங்கி, தியாகராஜரோட சாரமதி கீர்த்தனை 'மரி மரி நின்னே'யில கொண்டு போய்ச் சேர்ப்பாளே, அந்த ஒரு பாட்டுக்காகவே ஜேகேபியை மன்னிச்சிடலாம். சித்ராவுக்கு தேசிய விருது சும்மாவா கொடுத்தாங்க.

நடுப்படித்துறை
20 ஜனவரி 2025, இரவு 8:55

தம்பி, விருது சரி. சித்ராவுக்கு ஒண்ணு, இசைக்கு இளையராஜாவுக்கு ஒண்ணு, சிறந்த நடிகைன்னு சுஹாசினிக்கு ஒண்ணு. ராகம்தான் தப்பு. தியாகராஜர் 'மரி மரி நின்னே'யைப் போட்டது காம்போதியில. சாரமதியில அவரோட பிரசித்தமான உருப்படி 'மோக்ஷமு கலதா'. காம்போதிக் கீர்த்தனையை எடுத்து சாரமதியில உட்கார வச்சது இளையராஜா.

ஏன் மாத்தணும்? காம்போதி இருபத்தெட்டாவது மேளத்து ஜன்யம், அந்தர காந்தாரம் (உயரமான 'க'). சாரமதி இருபதாவது, சாதாரண காந்தாரம் (தாழ்ந்த 'க'). நாட்டுப்பாட்டு மெட்டு சாதாரண காந்தாரத்துல நடந்து வருது. அங்கேருந்து காம்போதிக்குள்ள கால் வச்சா காந்தாரமும் தைவதமும் மாறி, ரெண்டு பாட்டைத் தைச்ச தையல் வெளியில தெரியும். "உன் பாட்டும் என் பாட்டும் ஒண்ணுதான்"னு சிந்து சபையில நிரூபிக்கிற இடம் அது. தையல் தெரிஞ்சா அவ வாதம் தோத்துடும். அதனால பெரியவரோட கீர்த்தனைதான் வீடு மாறிச்சு, நாட்டுப்பாட்டு மாறலை.

இதுல ஒரு கூத்து: சாரமதியும் பைரவியும் ஒரே மேளத்துக் குழந்தைங்க. சிந்து ஜேகேபியை ஜெயிச்ச பாட்டு பைரவி வீட்டுத் தாழ்வாரத்துலதான் நடக்குது.

நடுப்படித்துறை
20 ஜனவரி 2025, இரவு 11:30

மேல எழுதின கடைசி வரியை ரொம்ப நம்பாதீங்க. இருபதாவது மேளத்துல ஜன்யம் ஏகப்பட்டது. அப்படிப் பார்த்தா ஹிந்தோளத்தையும் சொந்தம் கொண்டாடலாம். ராத்திரி நேரத்துப் புத்திசாலித்தனம்.

சும்மா வந்தவன்
21 ஜனவரி 2025, காலை 7:20

திருத்தத்துக்கு நன்றிண்ணே. 'கலைவாணியே' கல்யாணிதானே? அதுவாவது சரியா?

ரவைப்பசை
21 ஜனவரி 2025, காலை 7:45

கல்யாணிதான். அதுவும் பாதிக் கல்யாணி: ஆரோகணம் மட்டும். ஒவ்வொரு சங்கதியும் ஏறிக்கிட்டேதான் போகும், இறங்குற பிரயோகம் கிடையாது. திரும்பக் கீழ் ஸ்வரத்துக்கு வரணும்னா மூச்சு விட்டு, சொல்லை வெட்டி, புதுசா தொடங்கணும். பாடிப் பார்க்கிறவங்க தடுக்கி விழற இடம், வரியோட கடைசி எழுத்து. பழக்க தோஷத்துல ஒரு சின்ன இறக்கம் கொடுத்து முடிச்சிடுவாங்க, அங்கேயே விதி போச்சு. கமகத்துல அக்கம்பக்கத்து ஸ்வரம் உரசுமே, அது இறக்கம் இல்லையான்னு கேக்கிற வியாகரண சிகாமணிகளும் இருக்காங்க. அசைவை விட்டுட்டு ஸ்வர ஸ்தானத்தை மட்டும் எண்ணணும்.

குத்தாலத்துக்காரி
21 ஜனவரி 2025, காலை 9:00

பிராது கச்சேரி விமர்சனமா போயிருச்சு. பைரவி எங்க?

வாய்தா
22 ஜனவரி 2025, இரவு 7:40

பைரவிக்கு வக்காலத்து போடறேன். படம் வந்த 1985-ல அந்தம்மா ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தா என்ன சொல்லியிருக்க முடியும்?

முதல் கேள்வி, "அவரை உள்ள தள்ள முடியுமா?" முடியாது. அப்போ இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 497-ன்படி, ஒருத்தன் இன்னொருத்தர் மனைவியோட, அந்தப் புருஷன் சம்மதம் இல்லாம உறவு வச்சாத்தான் குற்றம். அஞ்சு வருஷம் வரை தண்டனை. சிந்து கல்யாணம் ஆகாதவ, அதனால ஜேகேபி பண்ணது குற்றமே இல்லை. சிந்து கல்யாணம் ஆனவளா இருந்திருந்தாலும் புகார் கொடுக்கிற உரிமை சிந்துவோட புருஷனுக்குத்தான், பைரவிக்கு இல்லை. இந்த ஓரவஞ்சனையை எதிர்த்து சௌமித்ரி விஷ்ணுன்னு ஒரு அம்மா உச்ச நீதிமன்றம் போனாங்க. 1985-ல, படம் வந்த அதே வருஷம், "பிரிவு செல்லும்"னு சொல்லிட்டாங்க. தீர்ப்பு எழுதினவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். 27-09-2018-ல அஞ்சு நீதிபதிகள் சேர்ந்து அந்தப் பிரிவையே ரத்து பண்ணாங்க. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட்.

ரெண்டாவது, விவாகரத்து. இந்து திருமணச் சட்டம் 13(1)(i). 1976 திருத்தத்துக்கு முன்னால "தகாத உறவுல வாழ்ந்துக்கிட்டு இருக்கார்"னு காட்டணும், ஒரு தரம் நடந்தது பத்தாது. திருத்தத்துக்கு அப்புறம் ஒரு தரமே போதும். 1985-ல பைரவிக்கு இந்தக் கதவு திறந்திருக்கு.

மூணாவது, பிரியாம தனியா இருந்து ஜீவனாம்சம். இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956, பிரிவு 18(2)(e): புருஷன் வைப்பாட்டியை அதே வீட்டுல வச்சிருந்தாலோ, வேற இடத்துல அவளோடயே வழக்கமா இருந்தாலோ, மனைவி தனியா இருந்து கேட்கலாம். வருமானத்தைப் பார்த்து கோர்ட் முடிவு பண்ணும். அவசரத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ல போனா அன்னிக்கு மாசம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. அந்த வரம்பை எடுத்தது 2001-லதான். ஜேகேபி ஒரு கச்சேரிக்கு வாங்கினது எவ்வளவு இருக்கும்னு நீங்களே யோசிங்க.

இப்பத்தான் பைரவி பண்ற தப்பு. சிந்துவை அவருக்கே கட்டி வைக்கச் சம்மதிக்கிறாளே, அந்த நிமிஷம் இந்து திருமணச் சட்டம் 23(1)(b) குறுக்க வந்துடும்: துரோகத்தை மன்னிச்சவங்க, உடந்தையா இருந்தவங்க அதே காரணத்தைச் சொல்லி விவாகரத்து வாங்க முடியாது. பெருந்தன்மைக்குக் கைதட்டல் கிடைக்கும், மனு போயிடும்.

நடுப்படித்துறை
22 ஜனவரி 2025, இரவு 8:30

வக்கீல் சார், மூத்தவ சம்மதிச்சா ரெண்டாந்தாரம் செல்லும்னு நம்ம பக்கத்துல ஒரு நம்பிக்கை இருக்கே?

வாய்தா
22 ஜனவரி 2025, இரவு 8:52

செல்லாது. முதல் மனைவி உயிரோட இருந்து, விவாகரத்தும் ஆகலேன்னா ரெண்டாவது கல்யாணம் இந்து திருமணச் சட்டம் 5(i), 11-படி தொடக்கத்துலேருந்தே வெற்றுக் காகிதம். பழைய சென்னை மாகாணத்துல 1949-லயே இதுக்குத் தனிச் சட்டம் போட்டாச்சு. மூத்தவ சம்மதத்தால ஆகறது ஒண்ணே ஒண்ணு: ரெண்டாங் கல்யாணக் குற்றத்துக்கு (பழைய தண்டனைச் சட்டம் 494, 2024 ஜூலையிலேருந்து பாரதிய நியாய சன்ஹிதா 82) புகார் கொடுக்க ஆள் இல்லாம போகும். ஏழு வருஷத் தண்டனை ஏட்டுல இருக்கும், வழக்கு இருக்காது. "கேஸ் இல்லையே, அப்போ செல்லுது"ன்னு ஊர் அர்த்தம் பண்ணிக்குது.

குத்தாலத்துக்காரி
22 ஜனவரி 2025, இரவு 9:15

அப்போ கடைசிக் காட்சிக்கு வாங்க. சிந்து கல்யாணம் வேண்டாம்னு சொல்லி, பெத்த குழந்தையை பைரவி கையில கொடுத்துட்டுப் போயிடறா. எனக்குப் படத்துலயே ஆத்திரம் வர்ற இடம் அதுதான். ஒருத்தி புருஷனைப் பங்கு போடச் சம்மதிக்கிறா, இன்னொருத்தி குழந்தையை விட்டுட்டுப் போறா. நடுவுல உட்கார்ந்திருக்கறவருக்கு சேதாரமே இல்லை. மனைவி இருக்கா, குழந்தை வந்தாச்சு, குரலும் திரும்பியாச்சு. கூலியோட போனஸ்.

நடுப்படித்துறை
22 ஜனவரி 2025, இரவு 10:10

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. தலைப்பு ராகத்தை வச்சுப் பண்ண வக்காலத்து இந்தக் காட்சியில நிக்காது.

எட்டு வருஷம் கழிச்சு பாலு மகேந்திரா 'மறுபடியும்' (1993) எடுத்தார், மகேஷ் பட்டோட 'அர்த்' (1982) கதை. அங்க புருஷன் திரும்பி வந்து நிக்கும்போது ரேவதி ஏத்துக்க மாட்டா. அந்த மறுப்புதான் படத்தோட முடிவு. அங்க புருஷன் சினிமா டைரக்டர், அந்த இன்னொருத்தி நடிகை. அவங்க கலை எதையும் நியாயப்படுத்தலை, வெறும் உத்தியோகம். 'சிந்து பைரவி'யில கலைதான் சாட்சி, வக்கீல், ஜட்ஜ் எல்லாம். இசையை எடுத்துட்டு கதையை மட்டும் நாலு வரியில சொல்லிப் பாருங்க, ஜேகேபி பக்கம் ஒருத்தர் கூட நிக்க மாட்டாங்க. இளையராஜா அவ்வளவு நல்லா போட்டது பைரவிக்குப் பாதகமா முடிஞ்சுது.

வாய்தா
23 ஜனவரி 2025, காலை 6:30

ராத்திரி யோசிச்சதுல ஒரு மறுபக்கம் தோணுது. அக்கா கோவிச்சுக்கக் கூடாது. குழந்தையைக் கொடுத்தது அநியாயம்னு அம்மா பக்கத்துலேருந்து பார்க்கிறோம். குழந்தை பக்கத்துலேருந்து பாருங்க.

செல்லாத கல்யாணத்துல பிறந்தாலும் கல்யாணச் சட்டத்து பிரிவு 16 குழந்தைக்கு சட்டபூர்வ அந்தஸ்து தரும். ஆனா அதுக்குச் செல்லாததோ, ஏதோ ஒரு கல்யாணம் நடந்திருக்கணும். சிந்து தாலியே வேண்டாம்னுட்டா, அதனால பிரிவு 16 கிடைக்காது. மிச்சமிருக்கற ஒரே வழி தத்து. கல்யாணம் ஆகாத தாய்தான் குழந்தைக்கு முதல் காப்பாளர், அவ கொடுக்கலாம். தத்து முறையா நடந்துட்டா தத்துச் சட்டத்து பிரிவு 12-படி பெத்த குழந்தைக்கு உள்ள எல்லா உரிமையும் வந்துடும், சொத்து உள்பட.

படத்துல விட்டது, முறை. 1985-ல புருஷன் இருக்கற மனைவி தன் பேர்ல தத்து எடுக்கவே முடியாது. அதை மாத்தினது 2010-ல. அதனால சிந்து குழந்தையை பைரவி கையில கொடுத்தது உணர்ச்சிக்குச் சரி, சட்டத்துக்குத் தத்து எடுக்கிறவர் ஜேகேபி. பைரவி சம்மதம் கொடுக்கணும், பிரிவு 7. அப்படிச் சம்மதிச்சா பிரிவு 14-படி அவ வளர்ப்புத் தாய் ஆவா. பெத்த தகப்பனே தன் குழந்தையைத் தத்து எடுக்கிற கூத்துதான், ஆனா பிரிவு 10-ல தடை எதுவும் எழுதலை. குழந்தைக்குப் பதினஞ்சு வயசு ஆகியிருக்கக் கூடாது. நிஜமாவே கொடுத்து வாங்கணும், தத்தஹோமம் கட்டாயம் இல்லை. பணம் கைமாறக் கூடாது, பிரிவு 17. ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்ட பத்திரத்தைப் பதிவு பண்ணிட்டா, தத்து சட்டப்படி நடந்ததுன்னு கோர்ட் அனுமானிச்சுக்கும், பிரிவு 16. இது தத்துச் சட்டத்து 16, மேல சொன்னது கல்யாணச் சட்டத்து 16, குழப்பிக்காதீங்க. பதிவு பண்ணாம விட்டா முப்பது வருஷம் கழிச்சுப் பங்காளி வந்து "எங்க ஆதாரம்"னு நிப்பான். வீட்டு வாசல்ல அழுதுக்கிட்டே கொடுத்துட்டுப் போறதுல அந்தக் குழந்தைக்குக் கிடைச்சது அன்பு மட்டும்தான்.

சும்மா வந்தவன்
23 ஜனவரி 2025, காலை 8:05

கிளைமாக்ஸ்ல சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வச்சிருந்தா படம் ஓடியிருக்குமாண்ணே?

மூவியோலா
23 ஜனவரி 2025, காலை 8:30

டோக்கன் நம்பர் கூப்பிடற சத்தத்துக்கு இளையராஜா ஒரு ராகம் கண்டுபிடிச்சிருப்பார்.

ரவைப்பசை
23 ஜனவரி 2025, காலை 8:41

ஆரோகணம் மட்டும். அங்க போன பைல் திரும்பி இறங்காது.

குத்தாலத்துக்காரி
24 ஜனவரி 2025, இரவு 9:30

மூவியோலா சொன்ன கணக்கோட இன்னொரு தரம் பார்த்தாச்சு. எண்ணிக்கையை இங்க போடலை, முகத்தை எண்ணும்போது எது பாட்டுக்கான பார்வை, எது கதைக்கான பார்வைன்னு பிரிக்க முடியலை. ஒண்ணு மட்டும் சொல்லலாம். பைரவி பாட்டைத்தான் கேக்கலை, வீட்டுல மத்த எல்லாத்தையும் கேக்கிறா. புருஷன் குரல் எங்க பிசகுதுன்னு அவளுக்குத் தெரியுது, சங்கீதத்துல இல்லை, பேச்சுல. அந்தக் கேள்வி ஞானத்துக்குப் படத்துல மார்க் இல்லை.

அதனால பிராது வாபஸ் இல்லை, ஒரு திருத்தம் மட்டும். "கட்டினவளுக்கு ஞானம் இல்லேன்னா"ங்கறதை "கட்டினவளோட ஞானத்தைப் புருஷன் கண்டுக்கலேன்னா"ன்னு மாத்திப் படிச்சுக்கோங்க.

வாய்தா
24 ஜனவரி 2025, இரவு 9:48

திருத்த மனுவுக்குத் தனி ஸ்டாம்ப் ஒட்டணும்மா.